சுழலும் பாலத்தில் சம்பந்தம்

பாலத்தைத் திருப்புவதுதான் சிஹோவின் வேலை.

அமானோஹஷிடாடே என்ற கடலோர ஊரின் தென்கரையில், மோஞ்சு கோயிலை ஒட்டி, கடல் ஒரு குறுகிய கால்வாயாக உள்ளே வருகிறது. அதன் மேல் இருப்பது அவளுடைய பாலம். படகு வந்தால் மணி அடிக்கும், இரு பக்கமும் தடுப்பு விழும். பாலம் தன் ஒற்றைத் தூணின் மேல் மெல்லத் திரும்பி, கால்வாயின் நீளத்துக்கு ஒதுங்கி நிற்கும். படகு போனதும் பழையபடி வந்து பொருந்தும். "ஆபத்து, தயவுசெய்து பின்னால் நில்லுங்கள்" என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் சொல்வாள். அது பதிவு செய்த குரல். சிஹோவுக்கு அந்தப் பெண்மேல் நன்றி உண்டு. அவள் இல்லாவிட்டால் நாள் முழுவதும் தானே பேச வேண்டியிருக்கும். நேரடியாகப் பேசுவதற்கென்று அறையில் ஒரு மைக்கும் இருக்கிறது. அதன் மேல் போட்ட துணியை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் எடுத்ததில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பைன் மரங்கள் அடர்ந்த மணல்திட்டு, கடலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வடகரைவரை போகிறது. ஊருக்குப் பெயரும் பிழைப்பும் அதனால்தான். இரண்டு கரையிலும் மலை உண்டு. மலைமேல் ஏறி, திட்டுக்கு முதுகு காட்டி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவே பார்க்க வேண்டும். கடல் வானமாகிவிடும், வானம் கடலாகிவிடும், மணல்திட்டு ஆகாயத்தில் தொங்கும். வடகரையில் பார்த்தால் அது சொர்க்கத்துக்குப் போகும் பாலம். தென்கரையில் பார்த்தால் பறக்கும் டிராகன். எது அசல் காட்சி என்பதில் இரு கரைக்கும் ஒத்துப்போனதே இல்லை.

அதிலும் இரண்டு பேருக்கு ஒத்துப்போகவே போகாது. ஒருவர் ஷிராகி. தென்கரை மலையில் கேமராவோடு நின்று, குனியும் பயணிகளைப் படம் எடுத்துக் கொடுப்பவர். சிஹோவின் அப்பா. இன்னொருவர் இதானி. வடகரை மலையில் அதே வேலை செய்பவர். அவருடைய மகன் டெப்பெய் இரு கரைக்கும் நடுவே சுற்றுலாப் படகு ஓட்டுகிறான்.

பாலத்தைத் திறக்கச் சொல்லிப் படகுகள் நீளமாக ஒரு சங்கு ஊதும். டெப்பெய் மட்டும் அதன் பின்னால் குட்டியாக இன்னொன்று ஊதுவான். அந்தக் குட்டிச் சங்கு யாருக்கு என்று கால்வாய் ஓரத்துக் கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். கடைசியாகத் தெரிந்துகொண்டவர்கள் இரண்டு அப்பாக்களும்தான்.

கல்யாணத்துக்கு இருவரும் மறுப்புச் சொல்லவில்லை. இரு குடும்பமும் ஒருமுறை எதிரெதிரே உட்கார்ந்து, முறைப்படி அறிமுகம் செய்துகொண்டு, சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எங்கே உட்காருவது என்பதில்தான் சிக்கல்.

முதலில் வடகரையில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையில் இடம் சொன்னார்கள். "பொண்ண கூட்டிக்கிட்டு நான் அந்தாளு மலையடிவாரத்துக்குப் போயி நிக்கணுமா?" என்றார் ஷிராகி. அது நின்றுபோயிற்று. அடுத்து தென்கரையில், சிஹோவின் அம்மா மசுயோவின் மோச்சி எனும் அரிசிப் பலகாரக் கடை மாடியில். "டிராகனோட வால மட்டும் பாக்கற ஊர்ல வந்து நான் டீ குடிக்கணுமா?" என்றார் இதானி. அதுவும் நின்றது.

மூன்றாவது இடத்தைச் சிஹோதான் யோசித்தாள். மணல்திட்டின் நடுவில் ஒரு கிணறு இருக்கிறது. சுற்றிலும் உப்புக் கடல், ஆனால் கிணற்றில் நல்ல தண்ணீர். பக்கத்திலேயே ஒரு சின்னக் கோயில். எந்தக் கரைக்கும் சேராத இடம். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு இதானி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார். அன்று மாலையே டெப்பெய் போன் செய்தான்.

"சிஹோ, கிணறு நடுவுல இல்லியாம்."

"எல்லாரும் நடுன்னுதானே சொல்றாங்க?"

"சொல்றாங்க. ஆனா அது உங்க பக்கம் ஒட்டி இருக்கு. உங்கப்பா பொடிநடையா வந்துருவாராம், எங்கப்பா திட்டு மொத்தமும் மிதிக்கணுமாம். 'இது ஷிராகி போட்ட திட்டம்'னு குதிக்கறாரு."

சிஹோ அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தடவை அந்தக் கிணற்றடிக்குப் போய்ச் சோறு தின்றிருக்கிறாள். அது நடுவில் இல்லை என்பது அன்றுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நான் போட்ட திட்டம்னு சொல்லு" என்றாள்.

"சொன்னேன். அதனாலதான் வர்றேன்னாரு. ஆனா இதான் கடைசியாம். இந்தத் தடவையும் உங்கப்பா வரலைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாரு."

இந்தப் பக்கம் ஷிராகியும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருந்தார். அப்பாக்கள் இல்லாமல் கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று டெப்பெய் ஒருநாள் சொன்னான். சிஹோவுக்கு அது வேண்டாம். இரண்டு பேரும் வேண்டும், சண்டையோடு சேர்த்தே வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பாலத்தில் அவளோடு வேலை பார்ப்பவர் போன் செய்தார். குளிக்கப் போன இடத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். மதியம்வரை பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

முடியாது என்று சொல்ல சிஹோவுக்கு வராது. சந்திப்பு மதியத்துக்குத்தான். வெளிர்பச்சைக் கிமோனோவை உடுத்தி, அதன் மேல் ஒளிரும் மஞ்சள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு அவள் பாலத்து அறையில் போய் உட்கார்ந்தாள்.

மசுயோ வழியில் எட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லா இருக்குடி. சாலை போடற இளவரசி மாதிரி."

"அம்மா, அப்பா கிளம்பிட்டாரா?"

"கண்ணாடி முன்னாடி நின்னு டையக் கட்டி அவுத்துக்கிட்டு இருக்காரு. நேரத்துக்குக் கரெக்டா வந்துருவாரு, கவலப்படாத. அந்த மனுஷன்கிட்ட நேரத்த மட்டும்தான் நம்பலாம்."

நேரத்துக்குச் சரியாகத்தான் வந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் கேமரா. பாலத்தை அவர் நெருங்கும்போது ரேடியோ கரகரத்தது. ஜல்லி ஏற்றிய சரக்குத்தெப்பம் ஒன்று உள்ளே வருகிறது, திறக்கவும்.

சிஹோ கடிகாரத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வேகமாக நடந்தால் அவர் தாண்டிவிடலாம். ஆனால் தெப்பம் வந்துவிட்டால் முதல் வழி அதற்குத்தான், அது நினைத்த இடத்தில் நிற்காது. அவள் பொத்தானை அழுத்தினாள். மணி அடித்தது. அப்பாவின் மூக்குக்கு முன்னால் தடுப்பு விழுந்தது.

ஷிராகி அறையின் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். சிஹோ தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள். பாலம் திரும்பியது.

தெப்பம் ஆமை மாதிரி வந்தது. இரண்டு பக்கமும் கூட்டம் சேர்ந்தது. ஷிராகியின் பின்னால் ஒசாகாவிலிருந்து வந்த நடுத்தர வயதுப் பெண்கள் குழு ஒன்று, எல்லார் கையிலும் மோச்சிப் பொட்டலம். அங்கே விற்பது அறிவு மோச்சி. தின்றால் மோஞ்சு சாமியின் புத்தி வரும் என்பார்கள்.

எதிர்ப்பக்கம் பைன் மரங்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. மேலே இதானி. விழாக்காலக் கோட்டின் இரண்டு வாலும் சக்கரப் புழுதியில் வெள்ளையாகியிருந்தன. வெகுதூரம் பின்னால், முன்கூடையில் பரிசுப்பெட்டியை வைத்துக்கொண்டு அவருடைய மனைவி இன்னொரு சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள்.

"ஷிராகி சான்!" இதானியின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. "கிணத்தடியில நின்னு நின்னு எனக்கு வேரே விட்டுருச்சு! இன்னும் கொஞ்சம் நின்னிருந்தா பைன் மரம்னு நெனச்சு எனக்கும் பேர்ப்பலகை மாட்டியிருப்பாங்க!"

"பாலம் திறந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரியுதே! திறந்தது யாரு? உங்க பொண்ணு! என்ன, வீட்டுலயே பேசி வெச்சுக்கிட்டு வந்தீங்களா?"

சிஹோவுக்குக் காதுவரை சூடேறியது. கீழே ஒசாகாப் பெண்கள் சுறுசுறுப்பானார்கள்.

"எந்தப் பொண்ணு?"

"மேல பாரு, மஞ்சச் சட்டை. அடியில கிமோனோ."

"ஐயோ, பொண்ணு பாக்கற நாளா? அப்ப மாப்பிள்ளை எங்க?"

ஷிராகியின் பக்கத்தில் வந்து நின்றிருந்த மசுயோ அவர்கள் பக்கம் திரும்பினாள். "மாப்பிள்ளை தண்ணியில வர்றான். இவரு பொண்ணோட அப்பா. சத்தம் போடறவரு மாப்பிள்ளையோட அப்பா."

"நீங்க?"

"நான் இவரு பொண்டாட்டி. என்ன பண்றது."

"மோச்சி விக்கறவங்கதானே நீங்க? வீட்டுக்காரருக்கு ரெண்டு குடுத்துப் பாக்கறதுதானே?"

"தினமும் குடுக்கறேன். பல்லுக்குத்தான் போகுது, மண்டைக்குப் போக மாட்டேங்குது."

ஷிராகி இதைக் காதில் வாங்கவில்லை. "இதானி சான், நேரத்துக்கு வந்து நிக்கறவன குத்தம் சொல்றீங்க. நீங்க எதையும் ஒழுங்கா பாத்ததே கிடையாது. அதான் உங்க கரைக் காட்சியும் கோணலாத் தெரியுது!"

"கோணலா?" இதானி சைக்கிளைக் கீழே போட்டார். "குனிஞ்சு பாக்கறதக் கண்டுபிடிச்சதே நாங்க. எப்படிக் குனியணும்னு நான் காட்டறேன், கத்துக்கங்க!"

சொன்னபடியே திரும்பி, கால்களை அகட்டி, கால்வாய்க்குத் தன் பின்பக்கத்தைக் காட்டிக் குனிந்தார். கால்களுக்கு நடுவே அவருடைய சிவந்த முகம் தலைகீழாகத் தெரிந்தது. ஒசாகாப் பெண்கள் கைதட்டினார்கள்.

சிஹோ கண்களை மூடிக்கொண்டாள். சம்பந்தி முன்னால் குனிந்து வணங்க வேண்டிய நாளில் ஒருவர் திரும்பிக் குனிகிறார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

"முட்டி மடங்குது!" அப்பாவின் குரல். அவமானப்பட்டவர் குரல் மாதிரி இல்லை, வேலையில் பிழை கண்டுபிடித்தவர் குரல் மாதிரி இருந்தது. "முட்டி மடங்கக்கூடாது! இப்படியா சொல்லிக் குடுக்கறீங்க, முப்பது வருஷமா? பாருங்க இங்க!"

அவள் கண்ணைத் திறந்தபோது கோட்டு வால் இரண்டும் தலைப்பக்கம் சரிய, கேமரா மூக்கில் ஊசலாட, ஷிராகியும் குனிந்திருந்தார்.

கால்வாயின் இரண்டு ஓரத்திலும் இரண்டு முதுகுகள். நடுவே தெப்பம் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஆயிற்று. இரண்டு பேரும் இன்னும் நிமிரவில்லை.

"ஷிராகி சான்." இதானியின் குரல் இறங்கியிருந்தது. "தெப்பம் ஆகாயத்துல போகுது."

"ம். தெரியுது."

"ஜல்லியோட போகுது. ஒண்ணுகூட கொட்டல."

"மேகத்து மேல போற மாதிரி இருக்கு."

"நீங்க கடைசியா எப்ப குனிஞ்சீங்க?"

ஷிராகி யோசித்தார். "ஞாபகம் இல்ல. சின்ன வயசுல இருக்கும்."

"நானும்தான். நாள் பூரா அடுத்தவங்கள குனிய வெச்சுப் படம் எடுக்கறோம். நமக்கு எங்க நேரம்."

தெப்பத்தின் பின்னாலிருந்து ஒரு நீளச் சங்கு கேட்டது. அதன் வாலில் ஒரு குட்டிச் சங்கு. டெப்பெய் அன்றைய அவனுடைய ஒரே நடையை முடித்துக்கொண்டு வருகிறான். சிஹோ பாலத்தைத் திறந்தே வைத்தாள். படகு நுழைந்தபோது, கடற்பறவைகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த பயணிகள் அதை மறந்துவிட்டு இரண்டு கரையையும் படம் எடுத்தார்கள். சுக்கான் அறையிலிருந்து தலையை நீட்டிய டெப்பெய் இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான், பிறகு மேலே சிஹோவைப் பார்த்து, என்ன இது என்று கையை விரித்தான். தெரியாது என்று அவளும் கையை விரித்தாள்.

படகு பக்கத்துத் துறையில் அணைந்தது. சிஹோ பாலத்தைத் திருப்பிப் பொருத்தினாள். தடுப்புகள் எழுந்தன.

கூட்டம் இரு பக்கமிருந்தும் பாலத்தில் நடந்தது. அப்பாக்கள் மட்டும் நிமிர்ந்து, கோட்டைத் தட்டி, நின்ற இடத்திலேயே நின்றார்கள். நிமிர்ந்ததும் பழைய சண்டை ஞாபகம் வந்துவிட்டது.

"வாங்க" என்றார் ஷிராகி.

"நீங்க வாங்க. கிணத்தடிலதானே பேச்சு? நான் அதையும் தாண்டியே வந்துட்டேன். இதுக்கு மேல ஒரு அடி வெச்சா உங்க கரை."

"நான் இப்ப வந்தா, நீங்க கூப்பிட்டு வந்த மாதிரி ஆயிரும்."

"அப்ப நில்லுங்க."

"நிக்கறேன்."

துறையிலிருந்து டெப்பெய் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. அவன் வந்து ஒருவர் கையைப் பிடித்து இழுத்தால் மற்றவர் ஜெயித்ததாகிவிடும். மசுயோ கணவரின் முதுகில் கைவைத்துத் தள்ளிப் பார்த்தாள். அவர் கோயில் வாசல் கல் மாதிரி நின்றார். இதானி குனிந்து சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். அவர் அதில் ஏறிவிட்டால் அவ்வளவுதான்.

சிஹோ மைக்கின் மேலிருந்த துணியை எடுத்தாள்.

"ஆ..." என்ற சத்தம் கால்வாய் முழுவதும் கேட்டது. நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். பதிவுக் குரல் பெண்ணாக இருந்தால் என்ன சொல்வாள் என்று சிஹோ யோசித்தாள். அவளுக்குத் தெரிந்தது பின்னால் நிற்கச் சொல்வது மட்டும்தான்.

"அப்பா. இதானி சான். சிஹோ பேசறேன்."

இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"கிணறு நடுவுல இல்லாததுக்கு மன்னிச்சுக்கங்க. நான் பாக்காம சொல்லிட்டேன். ஆனா... இந்தப் பாலம். இது தென்கரையும் இல்ல, வடகரையும் இல்ல. திறந்துச்சுன்னா எந்தக் கரையையும் தொடாம நிக்கும், இப்ப பாத்தீங்கல்ல. நான் தினமும் இங்கதான் இருக்கேன். டெப்பெய்ய நான் பாத்ததும் இங்கதான். இது என் இடம்." மூச்சு வாங்கினாள். "அதனால யாரும் யாரு வீட்டுக்கும் போக வேண்டாம். ரெண்டு பேரும் என் இடத்துக்கு வாங்க. நான் கூப்பிடறேன்."

மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். அவள் மூச்சு விடும் சத்தம் ஒலிபெருக்கியில் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"அழகா சொன்னடி கண்ணு!" என்று ஒசாகாப் பெண் ஒருத்தி கத்தினாள்.

இதானி சைக்கிளை மனைவியிடம் கொடுத்தார். "பொண்ணு கூப்பிடறா. போகலைன்னா மரியாதையா இருக்காது."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார் ஷிராகி.

இருவரும் ஒரே நேரத்தில் அடியெடுத்து வைத்தார்கள். ஒருவர் வேகத்தை மற்றவர் பார்த்துப் பார்த்து நடந்ததால் ரொம்ப மெதுவாக வந்தார்கள். தரையில் பாலம் சுழலும் தூணுக்கு நேராக ஒரு வட்ட இரும்புத் தகடு இருக்கிறது. அதன் இந்த ஓரத்தில் ஒருவரும் அந்த ஓரத்தில் ஒருவரும் நின்றார்கள். சிஹோ அறையிலிருந்து ஓடிவந்தாள். மஞ்சள் சட்டையைக் கழற்ற நினைவில்லை. டெப்பெய் மூச்சிரைக்க வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"நான் ஷிராகி. எங்க பொண்ண உங்க கையில ஒப்படைக்கறோம்."

"நான் இதானி. எங்க பையனும் ஒண்ணும் பெரிய கெட்டிக்காரன் இல்ல. பொறுத்துக்கங்க."

இந்தத் தடவை இருவரும் முன்பக்கமாகக் குனிந்தார்கள். முட்டி மடங்கவில்லை. தாய்மார்கள் இரண்டு பேரும் அதற்குள் தோளோடு தோள் நின்று, பரிசுப்பெட்டியையும் மோச்சியையும் மாற்றிக்கொண்டு, போன வாரம் மீன்சந்தையில் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அடுத்து படம். கேமராவை எடுத்தது இரண்டு பேரும்.

"நான் எடுக்கறேன்."

"நீங்க நில்லுங்க, நான் எடுக்கறேன். வெளிச்சம் எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியாது."

"குடும்பப் படத்துல அப்பா இல்லாம எப்படி?" என்றாள் மசுயோ. "ரெண்டு பேரும் போயி நில்லுங்க." இரண்டு கேமராவையும் பிடுங்கி ஒசாகாப் பெண்ணிடம் கொடுத்தாள்.

அந்தப் பெண் உற்சாகமாக, எதையும் பார்க்காமல், படபடவென்று அழுத்தினாள். பார்த்தால் படம் சாய்ந்திருந்தது. இதானிக்கு நெற்றியோடு தலை முடிந்துவிட்டது. ஷிராகிக்குக் கண் மூடியிருந்தது. நடுவில் மஞ்சள் சட்டை மட்டும் பளீரென்று விழுந்திருந்தது.

"இது என்ன படம்?" என்றார் ஷிராகி.

"அடிவானமே சரிஞ்சு போச்சு" என்றார் இதானி.

"வெளிச்சத்துக்கு எதிரா நிக்க வெச்சிருக்காங்க."

"அதேதான் நானும் சொல்ல வந்தேன்."

இரண்டு பேரும் ஒன்றில் ஒத்துப்போனதைக் கேட்டு டெப்பெய் சிஹோவின் விரலை மெல்ல அழுத்தினான்.

அப்போது ரேடியோ மறுபடி கரகரத்தது. சிஹோ அறைக்குள் ஓடினாள், டெப்பெய்யும் பின்னாலேயே வந்தான். மீன்பிடிப் படகு ஒன்று வெளியே போகக் காத்திருந்தது. "திறக்கணும், எல்லாரும் இறங்கிருங்க!" என்று மைக்கிலேயே சொன்னாள். இப்போது குரல் அவ்வளவாக நடுங்கவில்லை.

மணி அடித்தது. கூட்டம் கலைந்தது. தடுப்பு விழுந்த பிறகுதான் அவள் கவனித்தாள். இதானி தென்கரையில் நின்றிருந்தார். அவளுடைய அப்பா மணல்திட்டுப் பக்கம், இதானியின் சைக்கிள் அருகே.

"டெப்பெய், ரெண்டு பேரும் மாறி இறங்கிட்டாங்க!"

டெப்பெய் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "தெரியாம இறங்கல. அங்க பாரு."

ஷிராகி, முன்பு இதானி நின்ற அதே இடத்தைத் தேடி, காலால் மண்ணைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். எதிரே இதானி கோட்டு வாலைத் தூக்கி இடுப்பில் செருகினார். இருவரும் கால்வாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். குனிந்தார்கள்.

மீன்பிடிப் படகு ஆகாயத்தில் ஏறிக் கடலுக்குப் போயிற்று.

அது போய் வெகுநேரம் ஆகியும் சிஹோவின் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் சும்மா இருந்தது. இத்தனை நாளில் காரணமில்லாமல் அவள் பாலத்தைத் தாமதமாகப் பொருத்தியது அன்று ஒருநாள்தான்.